தரை தொடாத ஐஸ் பெக்டரி

செட்டிபாளையத்தில் கடல் வந்துபோன மறுவருடம் கட்டிய ஐஸ் பெக்டரி, திறப்பு விழாவில் நாடா வெட்டிய கையோடு அத்திவாரத்தோடு தரையை விட்டு ஒரு முழம் எழும்பி அப்படியே நின்றது. சத்தம் ஒன்றும் வரவில்லை. பிரமுகர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கோழி கட்டடத்துக்குக் கீழே நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வந்ததைப் பார்த்துத்தான் அன்னப்பூரணிக்கு விஷயம் விளங்கியது. கட்டடம் நின்ற அந்த வளவு அவளுடைய வீட்டு மனை.

அந்தப் பக்கத்தில் காணியும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை உடுத்த சாரத்தோடு பெண்வீட்டுக்கு வந்து சேருவான். அலை அன்னப்பூரணியின் வீட்டையும் தென்னைகளையும் கொண்டுபோனது, வளவை விட்டுவைத்தது. மகள் தனுஷியாவுக்குக் கொடுக்க அதைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. வளவு போனால் எந்த மாப்பிள்ளை எங்கே வந்து குடியிருப்பான்?

இதெல்லாம் திட்ட முகாமையாளர் விஜிதரனுக்குத் தேவையில்லாத கதை. அவருடைய நிறுவனத்தில் டிசம்பர் முடிவதற்குள் வந்த பணத்தைச் செலவழித்து, படம் பிடிக்கக்கூடிய கட்டடமாக நிறுத்திக் காட்டியவருக்கே பதவி உயர்வு. கட்டடம் பிறகு என்ன செய்கிறது என்று எவரும் கேட்பதில்லை. மீனவர்கள் வலையும் தோணியும் கேட்டார்கள். அதற்குப் போட்ட முதலீடு ஒரே பருவத்தில் திரும்பிவிடும் என்று விஜிதரனின் சொந்தக் கணக்கே சொன்னது. ஆனால் வலைக்கு யார் வந்து நாடா வெட்டுவார்கள்? ஆகவே ஐஸ் பெக்டரிக்குப் பத்து வருட இலாபம் போட்டார். எல்லாத் தோணியும் தினமும் கடலுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டார். அப்போது பாதித் தோணிகள் உடைந்து தாழங்காட்டுக்குள் கிடந்தன. பத்து வருட இலாபத்தை எழுதிய அந்தப் பெரிய மனிதர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர்.

அவசரத்தில் காணிக்குக் கையொப்பம் வாங்க அவர் வந்தபோது அன்னப்பூரணி கல்லடியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் இளையதம்பிதான் நின்றார். "குடும்பத் தலைவர் நீங்கதானே?" என்று விஜிதரன் கேட்டார். அதுவரை எவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. பூரித்துப்போய்க் கையொப்பம் வைத்தார். உலகத்தில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாத மனிதன் கொடுத்த காணியில் கட்டடம் எப்படிக் குந்தும்? குந்தவில்லை.

"உங்களுக்கு எங்கால காணி? தலைவராம் தலைவர்!" என்று அன்னப்பூரணி ஏசினாள்.

பிறகு சண்டை மூண்டது, கடலுக்குப் போகத் தடை வந்தது, மீனும் இல்லை, ஐஸும் இல்லை. முதல் போட்டது வீண் என்று ஒப்புக்கொண்டால் விஜிதரனின் பெயர் கெட்டுவிடும். ஆகவே மாற்றலாகிப் போன பிறகும் அங்கிருந்தபடியே வருடாவருடம் இன்னும் கொஞ்சம் கொட்டச் செய்தார். ஜெனரேட்டர் வந்தது, கட்டடம் இடுப்பளவு ஏறியது. தண்ணீர்த் தாங்கி வந்தது, கூரையளவு ஏறியது. சண்டை ஓய்ந்த வருடம் தென்னை உயரத்தில் நின்றது. அதைவிட மோசமானவற்றைப் பார்த்துவிட்ட சனம், அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிட்டது.

அன்னப்பூரணி கீழே ஓட்டுவீடு கட்டினாள். பெண் பார்க்க வந்த சிவதர்ஷன் மேலே பார்த்து, "மழை வந்தா, மாமி?" என்றான். "சாரல்தான் மனே வரும்," என்றாள். கலியாணம் நடந்தது.

தனுஷியா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது விஜிதரன் திரும்பி வந்தார். கொழும்பில் பணிப்பாளர் பதவிக் கதிரை காலியாக இருந்தது, அது கிடைக்கக் கடைசி மீளாய்வில் பெக்டரி தரையில் நிற்க வேண்டும்.

"அக்கா, இந்தக் காணி உறுதியில ஒரு கையொப்பம் மட்டும் வைங்க. கட்டடம் இறங்கிரும்."

"எங்க இறங்கும்?"

"அதுட இடத்திலதான்."

"அதுக்குள்ள என்ட புள்ள படுத்திரிக்காள்."

"வீட்டுக்கு நட்டஈடு போட்டிருக்கு அக்கா. அதையும் கழிச்சுப் பார்த்தாலும் இலாபம்தான்."

அலையைக்கூட அன்னப்பூரணி இவ்வளவு வெறுத்ததில்லை. "கடல் கேக்காம வந்திச்சு, நீங்க கேட்டுக்கிட்டு வாறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம். போங்க தம்பி," என்று சொல்லி உறுதிப் பத்திரத்தை அவர் நெஞ்சிலேயே எறிந்தாள்.

விஜிதரன் வாகனத்தில் ஏறவில்லை. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. எந்த அலையும் எட்டாத, காணியே தேவைப்படாத கட்டடம் என்று அறிக்கை எழுதினார். கதிரை கிடைத்தது. அதேபோல இன்னும் இரண்டைக் கதிரவெளிக் கிராமத்தில் கட்ட உத்தரவும் வந்தது.

சண்டையில் வீடிழந்து திரும்பியிருந்த கதிரவெளிப் பெண்கள் செட்டிபாளையத்துக் கதையைக் கேட்டிருந்தார்கள். நிறுவனத்தின் வெள்ளை வாகனம் வந்த காலையில், காணியில்லாத புருஷன்மாருக்குத் தலை சீவி, தோய்த்த சேர்ட் போட்டு, கையொப்பம் வைக்க அனுப்பினார்கள். பிறகு வளவுக்குள் இறங்கி, தங்கள் வீட்டு அத்திவாரத்துக்கு நூல் கட்டத் தொடங்கினார்கள்.