மூன்றாம் தடவை

கட்சிக் கிளையின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கிளைத் தலைவர் பொன்னுதுரை, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர். தெங்கேராவில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் மைதீன். மகளிர் பகுதிக்குப் பூங்காவனம். பொருளாளர் கலியாணசுந்தரம்; கிளைக்கென்று தனி இடம் கிடையாது, இவரிடம் லாரிகளும் பெரிய வீடும் இருந்தன, அதனால் கூட்டம் எப்போதும் இவர் வீட்டு முன்கூடத்தில்தான். இவருடைய மகன் தேவதாஸ், எம்.ஏ., சீமையிலிருந்து திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைசியாகச் செயலாளர் ஜெயபாலன், ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்ப்பவன். வேலை முடிந்து நேரே வந்திருந்தான், கண் சிவந்திருந்தது.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். டவுன் கவுன்சில் தேர்தலில் காஜா பேராங் வட்டாரத்துக்குக் கட்சி யாரை நிறுத்துவது.

ஒரு மாதம் முன்புவரை இதில் பேசவே ஒன்றும் இருக்கவில்லை. ஜெயபாலன்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் குடியுரிமைக்கு மனுப் போட ஜனங்கள் அலைந்தபோது, இரவெல்லாம் ஐஸ்கட்டி இழுத்துவிட்டுப் பகலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் அவன். அதிகாரி மலாயில் கேட்பார். பதில் வராவிட்டால் மனு திரும்பிவிடும். பெயர், ஊர், வந்த வருஷம், செய்யும் வேலை என்று நாலைந்து மலாய் வாக்கியங்களை ஒவ்வொரு கிழவர் வாயிலும் ஏற்றி, கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டு, தடுமாறினால் இருமிக் காட்டுவான். கம்போங் செட்டியில் இருப்பவர்கள் வம்சத்தால் தமிழர்கள், பேசுவது மலாய்; தமிழ் எடுபடாது. அங்கேயும் வாசல் வாசலாக ஏறி அவர்கள் மலாயிலேயே பேசிப் பெயர் பதியவைத்தான். இதெல்லாம் சேவை என்று கூட்டங்களில் சொன்னார்கள். ஜெயபாலன் சேவை செய்யவில்லை. இடம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஐஸ் கம்பெனியை விட்டு வெளியேற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இந்தக் கவுன்சில் நாற்காலி.

"பாலா, இளைச்சுட்டியே," என்றான் தேவதாஸ், உள்ளே வந்ததும். கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது.

பொய்யான அன்பாக இருந்திருந்தால் ஜெயபாலனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது நிஜ அன்பு. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்த ஞாபகத்தில் வந்தது. பாலாவிடமிருந்து எதையோ தட்டிப் பறிக்கிறோம் என்கிற எண்ணம்கூடத் தேவதாஸுக்கு இல்லை. வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜெயபாலன் அந்தச் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் தூங்குகிறவனுடைய முகம் தேவதாஸுக்கு.

கோப்பி வந்தது. பொன்னுதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "நம்ம வட்டாரத்துக்கு ரெண்டு பேரு பேரு வந்திருக்கு. ஜெயபாலனை உங்களுக்குத் தெரியும். உழைப்பாளி. தம்பி தேவதாஸ் படிச்சவர். சீமையில பெரிய யூனிவர்சிட்டி. பி.ஏ., அதுக்கு மேல எம்.ஏ. கவுன்சில்ல வெள்ளைக்கார இன்ஜினியரு இன்னும் இருக்கான். அவன்கிட்ட நம்மாளு எழுந்து பேசணும்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

"ஒரு விஷயம் கேக்கலாமா, தலைவரே?" என்றான் ஜெயபாலன்.

"கேளுங்க."

"அந்த எம்.ஏ.வுக்கு என்ன பரீட்சை எழுதுனாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

இதை அவன் இரண்டு வாரமாக வைத்திருந்தான். பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு மாதா கோயில் பாதிரியார் அதே பல்கலைக்கழகத்து எம்.ஏ. ஐஸ் இறக்கப் போனபோது கேட்டான். பாதிரியார் சிரித்தார். அதற்குப் பரீட்சை எதுவும் இல்லை தம்பி, பி.ஏ. ஆனபிறகு சில வருஷம் போனால் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம், அது அங்கே பழைய வழக்கம் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெயபாலனுக்குச் சைக்கிள் மிதிப்பதே தெரியவில்லை.

"பரீட்சை இல்ல," என்றான் தேவதாஸ். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "காசு கட்டினாக் கொடுப்பாங்க. பி.ஏ. முடிச்ச எல்லாருக்கும் அப்படித்தான்."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. கலியாணசுந்தரம் மகனை முறைத்தார்.

"காசு கட்டுனா எம்.ஏ.வா?" என்றாள் பூங்காவனம். "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிப் போடச் சொல்லுங்க தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி மாட்டி வைக்கிறேன். அப்பவாச்சும் வாயை மூடுறாரா பாப்போம்."

"உங்களுக்கு முதல்ல பி.ஏ. வேணுமேக்கா," என்றான் தேவதாஸ்.

"பாத்தீங்களா, அங்கயும் ஒரு வில்லங்கம்."

சிரித்தார்கள். காதர் மைதீன் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "இதுல என்னாப்பா இருக்கு?" என்றார். "ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவரை ஹாஜியாருங்கறோம். பரீட்சையா வைக்கிறோம்? போனாரு, இருந்தாரு, வந்தாரு. மரியாதை குடுக்குறோம். சும்மா பெரிசு பண்ணாதே லா."

"ஹஜ்ஜும் இதுவும் ஒண்ணா, காதர் நானா?" என்றான் ஜெயபாலன்.

"ரெண்டுக்கும் கப்பல் ஏறணும்ல."

மறுபடியும் சிரிப்பு. ஜெயபாலன் இரண்டு வாரம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது கண் முன்னாலேயே தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு ஓட்டுப் போடுவதாகப் போன வெள்ளிக்கிழமை கடையில் வைத்துச் சொன்னவர் காதர் மைதீன். இப்போது தேவதாஸுக்குக் கோப்பி இன்னும் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன் விடவில்லை. "சரி, எம்.ஏ. போகட்டும். பி.ஏ.? அதுவும் கட்டி வாங்குனதுதானா?"

"ஜெயபாலா, எங்க வீட்ல உக்காந்துக்கிட்டு..." என்று கலியாணசுந்தரம் எழுந்தார்.

"இருங்கப்பா. அவன் கேக்கட்டும்." தேவதாஸ் காலைக் கீழே இறக்கி உட்கார்ந்தான். "பி.ஏ. எழுதித்தான் பாஸ் பண்ணேன், பாலா. ஆனா மூணாம் தடவை. முதல் தடவை ஃபெயில். ரெண்டாம் தடவையும் ஃபெயில். ஊருக்கு வந்துடுறேன்னு எழுதினேன். அப்பா, இன்னொரு வருஷம் இருன்னு பணம் அனுப்பினார். அந்தப் பணம் வரலைன்னா நான் இங்க லாரிதான் ஓட்டிக்கிட்டிருப்பேன். அப்பா காசுல வாங்குனதுன்னு நீ சொன்னா, ஆமான்னுதான் சொல்லணும்."

பொன்னுதுரை மெதுவாகத் தலையாட்டினார். "உள்ளதைச் சொல்றாரு. அரசியல்ல இப்படி யாரு சொல்றா?"

"சொல்லுங்க," என்றாள் பூங்காவனம். "ரெண்டு தடவை விழுந்தும் விடாம எழுதியிருக்காரே. அது சாமானியமா?"

அவர்கள் முகத்தில் வந்த மரியாதையை ஜெயபாலன் பார்த்தான். ஃபெயில் என்கிற அதே வார்த்தைதான். பத்து வருஷமாக அது அவன்மேல் ஐஸ் கம்பெனி ஈரத்தைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. தேவதாஸ் மேல் பட்டதும் அது பதக்கமாகிவிட்டது. காசு கொடுத்து இவன் வாங்கியது பட்டத்தை மட்டும் அல்ல. பட்டம் போனால் போகிறது. தோற்பதற்கு வருஷம் வாங்கியிருக்கிறான், ஒன்று போனால் இன்னொன்று என்று, சட்டை மாற்றுவதைப் போல. அதைத்தான் ஜெயபாலனால் பொறுக்க முடியவில்லை.

"நானும் ஃபெயில்தான்," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஸ்கூல் கடைசிப் பரீட்சை. ஒரே ஒரு தடவை."

"அப்புறம் ஏன் தம்பி திரும்ப எழுதல?" என்று கேட்டாள் பூங்காவனம். வேறு எண்ணம் இல்லாமல்தான் கேட்டாள்.

ஜெயபாலனுக்குப் பதில் தெரியும். அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை அள்ளியதும், தங்கைகள் இருந்ததும், பரீட்சை முடிவு வந்த அடுத்த வாரமே ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் பதில்தான். அதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்தக் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"வயசு ஆயிருச்சுன்னு ஸ்கூல்ல திரும்பச் சேக்கல," என்றான். "ஜப்பான்காரன் காலத்துல படிப்பு போச்சு. அதுல வயசு ஏறிப்போச்சு."

"இவனுக்கும் அதே வயசுதான்," என்றார் கலியாணசுந்தரம். "இவனும் அந்த வருஷம் உன்கூடத்தானே ஃபெயிலானான்? இவனையும்தான் சேத்துக்கல. நாங்க என்னா சும்மாவா இருந்தோம்? பணம் கட்டி வெளியூர்ல எழுத வச்சோம்."

தேவதாஸ், "அப்பா," என்றான் தணிந்த குரலில். முதல்முறையாக அவன் முகம் சிவந்தது. ஜெயபாலனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அந்தப் பரிதாபம்தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ஒரு குத்து விட்டிருந்தால்கூட ஜெயபாலன் வாங்கிக்கொண்டிருப்பான்.

"பேசுனது போதும்," என்றார் பொன்னுதுரை. "கை தூக்கிருவோம்."

கிளையில் ஒரு வழக்கம் உண்டு. யார் பெயர் வந்திருக்கிறதோ அவர்கள் கூடத்தில் இருக்கக்கூடாது, வெளியே போய் நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்துக் கை தூக்கினால் அப்புறம் ஊருக்குள் சங்கடம் என்பதற்காக வைத்தது. ஜெயபாலன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். தேவதாஸும் எழுந்தான்.

"நானும் வரேன், பாலா."

"நீ எங்கடா இந்த வெயில்ல?" என்றார் கலியாணசுந்தரம். "உள்ளாற போ. அம்மா எலை போட்டுட்டு உக்காந்திருக்கா."

தேவதாஸ் தலைவரைப் பார்த்தான். பொன்னுதுரை ஒரு கணம் யோசித்தார். "கூடத்துல இல்லன்னாச் சரிதான். அவரு வீடு, அவரு எங்கன்னாலும் இருக்கலாம்."

"கிளை வழக்கம் வெளியே நிக்கணும்கறது, தலைவரே," என்றான் ஜெயபாலன்.

"சாப்பிடுற நேரம்பா. வீட்டுப் பிள்ளையைத் தெருவுல நிக்க வைக்கிறதா? விடு."

பூங்காவனம் மடியிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். தேவதாஸ் இன்னும் கூடத்துக்கும் உள்வாசலுக்கும் நடுவில் நின்றான். பிறகு உள்ளேயிருந்து அவனுடைய அம்மா கூப்பிட்டாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனான். பொரித்த மீன் வாசனை கொஞ்சம் வெளியே வந்து நின்றது.

ஜெயபாலன் வாசலில் செருப்பைத் தேடினான். ஒன்று லாரி டயர் ஒன்றின்மேல் ஏறிக் கிடந்தது. காதர் மைதீன் அவன் பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மனசுல வைக்காதேப்பா."

"என்னாத்த?"

அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு ரிக்ஷா போயிற்று.

"கதவைத் தெறந்து வைக்காதீங்க நானா," என்று உள்ளேயிருந்து கலியாணசுந்தரம் குரல் கொடுத்தார். "பேசுறது வெளியே கேக்கும்."

காதர் மைதீன் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது வெளியே நின்ற ஜெயபாலனுக்குக் கேட்டது. சரியாக விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.