அமுக்கினால் அணைகிற விளக்கு

டயரின் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்பது காட்டியது. மச்சான் அதை உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி வால்வில் வைத்தான். ஒன்பதுதான். கேஜ் போய்விட்டது போல என்று முணுமுணுத்தபடி உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தான். அதுவும் ஒன்பது. இருக்க வேண்டியது முப்பத்திமூன்று.

இடது முன்சக்கரம் அது. மற்ற மூன்றிலும் காற்று சரியாக இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. டயர் கடை அவனுடையது. இருபத்தி நாலு வருடமாக என்னைக் கேலி செய்வதை ஓர் உபதொழில்போல நடத்திவருகிறான். நான் லிஃப்ட் மெக்கானிக். யாராவது எதையாவது கேட்டால் ஆமாம், இல்லை என்று நிறுத்தத் தெரியாது எனக்கு. அது ஏன் அப்படி என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். மாமாவிடம் வழி கேட்டால் ரோடு போட்ட கதையிலிருந்து ஆரம்பிப்பார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான்.

அன்று காலை நானும் மனைவியும் எங்கள் சின்னக் காரின் நான்கு டயரையும் மாற்ற வந்திருந்தோம். மகளுக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேலை கிடைத்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மனைவி அவளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை இருந்ததால் நான் போகவில்லை.

கார் மனைவியுடையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் இடுப்பை நிமிர்த்துகிறவளுக்கு இந்தக் காரை ஓட்டி ஓட்டி இடுப்பு வலி வந்துவிட்டது. காரணம் டயர். அவை ரன்ஃப்ளாட் வகை.

சாதாரண டயரில் காரைத் தூக்கி நிறுத்துவது காற்று. ரப்பர் வெறும் பைதான். காற்று போனால் பை சுருங்கி, ரிம் தரையைத் தொடும். ரன்ஃப்ளாட்டில் டயரின் பக்கவாட்டுச் சுவரையே தடிமனாகக் கட்டியிருப்பார்கள். காற்று போனாலும் அந்தச் சுவர் காரைத் தாங்கும், எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு, எண்பதைத் தாண்டாத வேகத்தில். அதற்குள் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதனால்தான் அந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, ஜாக்கியும் கிடையாது. சுவர் தடிமன் என்பதால் சவாரி கட்டாந்தரைபோல இருக்கும். ரோட்டில் தீக்குச்சி கிடந்தாலும் இடுப்புக்குத் தகவல் வந்துவிடும். சாதாரண டயருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தது இதனால்தான்.

மச்சான் அந்தச் சக்கரத்தை மெஷினில் ஏற்றி, டயரை ரிம்மிலிருந்து நெம்பினான். உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ தரையில் கொட்டியது. இரண்டு பிடி இருக்கும். மண் என்றுதான் நினைத்தேன். அவன் குனிந்து கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தான். பிறகு மெஷினை நிறுத்தினான்.

"மாமா, இங்க வாங்க."

அவன் குரலில் கேலி இல்லை. நான் குனிந்து பார்த்தேன். மண் இல்லை, ரப்பர். அழிரப்பரால் அழித்தால் காகிதத்தில் சேருமே, அந்தத் தூள். டயரின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு வளையமாக ரப்பர் தேய்ந்து, அடியிலிருக்கும் நூலிழை வெளியே தெரிந்தது. ஓரிடத்தில் நான் விரலால் அழுத்தினேன். உள்ளே போய்விடும்போல அமுங்கியது.

காற்று குறைந்தால் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் சூடாகி ஒடிவதைப் போலத்தான் இதுவும். சக்கரம் ஒரு கிலோமீட்டரில் ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல்முறை. பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை நாளாக என்று மனைவி கேட்டாள். இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்றான் மச்சான். டயரின் வெளிப்புறத்தில் பதிந்திருந்த ஒரு சின்ன ஆணியைக் காட்டினான். காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. சுவர் தடிமனாக இருந்ததால் வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு அறை பார்க்க மூன்று பேரும் அதே ஊருக்குப் போய்த் திரும்பினோம். மனைவிதான் ஓட்டினாள். ஒரு லாரியை முந்தும்போது வேகமுள் நூற்றிப்பத்தில் நின்றது. நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தேன். முன்னால், இடது பக்கம், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது மகள்.

"டேஷ்போர்டுல வெளக்கு எரிஞ்சிருக்குமே, அக்கா?"

"எரிஞ்சுது. அமுக்குனேன், அணைஞ்சிடுச்சு."

"எத்தன தடவ?"

"வாரத்துல ரெண்டு தடவ. மூணு தடவகூட இருக்கும்."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவள்தானே, ஊரான் முதுகெலும்பையெல்லாம் தடவிக் கண்டுபிடிக்கிறவளுக்குக் கண்ணுக்கு எதிரே எரிகிற விளக்கு தெரியாதா, பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படியா என்று பொரிந்து தள்ளினான். அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு குளிர்ந்த காலையில் அந்த விளக்கு முதல்முறை எரிந்தது. அவள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். நான் நான்கு சக்கரத்தையும் அளந்தேன். எல்லாவற்றிலும் குறைவு, மூன்றில் இரண்டு இரண்டு, பின்சக்கரம் ஒன்றில் ஆறு. குளிரில் காற்று சுருங்கும் என்று விளக்கினேன். காற்றை நிரப்பிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பொத்தானை அமுக்கிக் காட்டினேன். விளக்கு அணைந்தது. குளிர்காலத்தில் இப்படித்தான் எரியும், அமுக்கினால் போய்விடும் என்றேன். அளந்ததைப் பற்றியோ நிரப்பியதைப் பற்றியோ நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏன் என்பதையே பத்து நிமிடம் பேசியவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை.

அந்த விளக்கு காற்றை அளப்பதில்லை. காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் சிறுத்துப்போகும். சிறிய சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கார் விளக்கைப் போடுகிறது. பொத்தானை அமுக்கினால், இப்போது இருக்கிற நிலைதான் சரி, இதை மனதில் வைத்துக்கொள் என்று காருக்குச் சொன்னதாக அர்த்தம். காற்று இறங்க இறங்க கார் எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் என் பேச்சைக் கேட்டு அதைச் சமாதானம் செய்திருக்கிறாள்.

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றுகூடப் போன வாரம் சொன்னாள். மழைநீர் வடிய ரோட்டை ஓரத்துக்குச் சாய்த்துத்தான் போடுவார்கள் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

மச்சான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால், விவரம் தெரிந்தவன் என்ற என் இருபத்தி நாலு வருடப் பெயர் போய்விடும். திறக்காவிட்டால் அவள் பெயர் போகும்.

"அவள விடு" என்றேன். "அமுக்கச் சொன்னது நான். அளந்து பாக்கணும்னு சொல்லல."

வாழ்நாள் முழுக்கக் கேலி செய்ய அவனுக்குக் கிடைத்த சரக்கு. அவன் அதைத் தொடவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் மனைவி, தரையிலிருந்த தூளைப் பார்த்தபடி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்குள் நான்கு புது டயரும் ஏறிவிட்டன. ஸ்டெப்னிக்கு இடமில்லாததால் மச்சான் டிக்கியில் ஒரு சின்னப் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் வைத்தான். இது பழைய டயர் மாதிரி தாங்காது, விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும் என்று அக்காவிடம் மூன்று முறை சொன்னான். புது டயர் போட்டிருப்பதால் இப்போது அந்தப் பொத்தானை ஒருமுறை அமுக்கியாக வேண்டும் என்றும் சொன்னான்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அமுக்கவில்லை. காரைவிட்டு இறங்கி, "கேஜ் குடுடா" என்றாள்.

"இப்பத்தானே அளந்தேன், அக்கா."

"இருக்கட்டும். நானும் அளக்கறேன்."

அளக்கிற விதத்தை அவன் ஒருமுறை காட்டினான். அவள் நான்கு சக்கரத்திடமும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தாள். நான்கும் முப்பத்திமூன்று. பிறகுதான் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினாள். கேஜைத் திருப்பித் தரவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஓடினால் டயர் சூடாகும், அப்போது அளந்தால் எவ்வளவு காட்டும் என்று என்னைக் கேட்டாள்.

"முப்பத்தாறு வரைக்கும் போகும். ஒண்ணு மட்டும் தனியா கொறஞ்சா கெளம்பாத."

ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி லிஃப்டின் மோட்டார் அறையில் இருந்தேன். அவளிடமிருந்து செய்தி வந்தது. டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். வலது பக்கம் இரண்டும் முப்பத்தாறு. இடது பக்கம் இரண்டும் முப்பத்தைந்து. கிளம்பலாமா?

இடது பக்கம் என்று படித்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மச்சானுக்குப் போன் போட்டு எண்களைச் சொன்னேன். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டான். வலது பக்கம்தான், அந்த ரோட்டில் போனால் சாயங்கால வெயில் வலதுபுறம்தான் விழும்.

"அவ்வளவுதான் மாமா. நெழல் பக்கம் ஒண்ணு கம்மியாத்தான் காட்டும். போகச் சொல்லுங்க."

அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் வாயால் கேட்ட பிறகுதான் 'கிளம்பு' என்று அவளுக்கு அனுப்பினேன்.