எட்டு மாத முகவரி

"அப்பா இறந்த தேதி மட்டும் சொல்லுங்க மேடம், முடிஞ்சது" என்று நிஷாவிடம் சொன்னான் சுஹாஸ். தி. நகரில் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவனது விசா ஆலோசனை அலுவலகம். சனிக்கிழமை மதியம். கனடாவின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

நிஷா அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கனடாவில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு இரண்டு வருட வேலை கொடுத்திருந்தது. அதற்கான வேலை அனுமதி விண்ணப்பம் மூன்று வாரம் முன்பே போய்விட்டது. இடையில் வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. திரும்பி வந்துவிடுவேன் என்று ஒன்றிலும், அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று இன்னொன்றிலும் எழுதுவது அவளுக்கு உறுத்தியது. சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சுஹாஸ் சொல்லியிருந்தான். "ஆனா ரெண்டு பேப்பரும் ஒரே மாதிரி பேசணும். மாத்திப் பேசினா பொய்த் தகவல்னு அஞ்சு வருஷம் உள்ளயே விட மாட்டான்."

நிஷாவின் அம்மா தேவானை மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, கணவர் அசோகனின் இறப்புச் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். "இதுல கீது பாரு."

தேதியைப் பார்க்கக் குனிந்த நிஷா, அதன் கீழ் வரியில் நின்றாள். இறக்கும்போது வசித்த முகவரி: நடைபாதை, மாநகராட்சிப் பள்ளி எதிரில், சைதாப்பேட்டை.

"சுஹாஸ், முதல் ஃபார்ம்ல பத்து வருஷ முகவரி என்ன போட்டீங்க?"

அவன் திறந்து காட்டினான். பெரும்பாக்கம், ஏழாவது மாடி. 2015 முதல் இன்றுவரை. ஒரே வரி.

சைதாப்பேட்டை ஆற்றங்கரை வீட்டை மாநகராட்சி இடித்தது 2017 டிசம்பரில். மாற்று வீட்டுக்கான பட்டியலில் அவர்கள் பெயர் விடுபட்டிருந்தது. பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது அடுத்த ஆகஸ்டில். அதுவரை எட்டு மாதம் பள்ளிக்கு எதிரே தார்ப்பாய்க்குக் கீழ்.

"நீங்க அனுப்பின ஆதார்ல அதுதானே இருந்துச்சு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்கன்னு அனுப்பினேனே" என்றான் சுஹாஸ்.

அனுப்பியிருந்தான். டூட்டிக்கு நடுவில், படிக்காமல் சரி என்று பதில் போட்டது அவள்தான்.

"என் பாஸ்போர்ட்ல ஆத்தங்கரை முகவரி இருக்கு. 2017ல எடுத்தது. ரெண்டு விண்ணப்பத்துலயும் அதோட காப்பி இருக்கு."

சுஹாஸ் நாற்காலியில் சாய்ந்தான். "பாஸ்போர்ட்ல கடைசிப் பக்கத்தை எவனும் பாக்க மாட்டான். இதுலயும் அதையே போட்டுட்டுப் போயிடலாம். நீங்களா போய் 'தப்பாச் சொல்லிட்டேன்'னு எழுதினா, தூங்குறவனை எழுப்பின மாதிரி."

"பாத்துட்டா?"

அவன் திரையை மேலும் கீழும் நகர்த்தினான்.

"அவரு சொல்றாப்ல போட்ருடி" என்றாள் தேவானை. "பிளாட்பாரத்துல கெடந்தோம்னு வெள்ளக்காரனுக்கு எழுதணுமா? இன்னா நெனப்பான் உன்ன? கையத் தொட்டு ஊசி போட வுடுவானா?"

"ஆமாம்மா" என்று சுஹாஸ் உற்சாகமானான். "அந்த எட்டு மாசம் இல்லவே இல்லன்னு வெச்சுக்குங்க."

தேவானை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லவே இல்லையா? எம் புருஷன் அப்பதான் செத்தான். ஆஸ்பத்திரில அட்ரஸ் கேட்டாங்கோ. இங்கதான் இருக்கோம், இதையே எழுதுன்னு நான்தான் சொன்னேன். நீ இன்னாப்பா, ஈசியா இல்லன்ற?"

கீழே கடைக்காரன் ஒலிபெருக்கியில் தள்ளுபடி கூவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க, என் பேச்சை மீறிப் பண்றதா" என்றான் சுஹாஸ் கடைசியில். நிஷா எழுதிக் கொடுத்தாள்.

பிறகு அவளே விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். முகவரியை மூன்று வரியாகப் பிரித்தாள். நடுவரியில் பின்கோடு கேட்டு, சிவப்பாகி நின்றது.

"ம்மா, அங்க தபால் வந்துச்சா?"

"ஏன் வராம? உன்னோட மொத வேல லெட்டரு அங்கதான வந்துச்சு. தபால்காரரு பள்ளிக்கூட கேட்டாண்ட நின்னுக்கினு உன் பேரச் சொல்லிக் கூப்ட்டாரே. சென்னை பதினஞ்சு, போடு."

போட்டதும் சிவப்பு மறைந்தது. சான்றிதழை ஸ்கேன் செய்து, முதல் விண்ணப்பத்துக்குத் திருத்தக் கடிதமும் சேர்த்தாள். 'விண்ணப்பத்தைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு' என்று அதில் ஒரு வரி. முதலில் அதை அனுப்பினாள். பிறகு வசிப்புரிமை விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தாள். தந்த விவரமெல்லாம் உண்மை என்ற கட்டத்தைத் தானே அழுத்தினாள்.

இரண்டு ரசீது எண்கள் வந்தன. தேவானை சான்றிதழைத் திரும்ப வாங்கிக் கவரில் வைத்தாள்.

படியிறங்கும்போது கேட்டாள்: "ரெண்டும் போச்சுன்னா?"

"அஞ்சு வருஷம்."

"அப்ப உனக்கு முப்பத்திநாலு."

"ம்."

பேருந்து நிறுத்தத்தில் கைபேசி அதிர்ந்தது. கனடாவிலிருந்து ஏதாவதோ என்று நிஷா அதைப் பையிலிருந்து எடுத்தாள். மருத்துவமனை வார்டின் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமை டூட்டிப் பட்டியல். அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது.