மடிப்பில் தைத்த எண்

கலவரம் என்று பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டிவி பார்த்த சக ஊழியர் சொல்லி அவனுக்குத் தெரிந்தபோது மணி மூன்று. விழுந்தடித்து ஓடினான். வழியில் சட்டைப்பைக்குள் மனைவியின் போன் அதிர்ந்தது. வழக்கம்போல் எடுக்கவில்லை. எடுத்தால் அவளைக் கேட்பார்கள். அவள் இறந்து நாற்பது நாள். இன்னும் அவன் வாய் அதைச் சொன்னதில்லை, மகளிடம்கூட. ஆனால் போனுக்கு மட்டும் தினமும் சார்ஜ் போடுவான்.

பள்ளி வாசலில் பூட்டு. முதல் வகுப்புப் படிக்கும் மகளைக் காணோம். நாற்பது நாளாக அவள் போகும் ஆட்டோ இன்று ஓடவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. டயர் எரியும் நாற்றம் மட்டும்.

எதிரே தையற்கடை ஷட்டர் ஒரு சாண் தூக்கியிருந்தது. குனிந்தான்.

"அண்ணே, ஒரு சின்னப் பொண்ணு, ரெட்டை சடை... பாத்தீங்களா?"

"இல்ல." ஷட்டர் சடாரென்று இறங்கியது.

பக்கத்து சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். கையில் ஸ்பேனர்.

"யாருப்பா நீ?"

"அவ அப்பாங்க."

"புள்ள பிடிக்கிறவனும் அப்படித்தான் சொல்லுவான். கூட்டிட்டுப் போறது அவங்கம்மால்ல? உன்னை நான் பாத்ததே இல்லையே."

"அவ... வரமாட்டா."

ஸ்பேனர் ஒரு பிடி உயர்ந்தது. இந்த ஆள் அடித்துவிட்டால் மகளை யார் தேடுவது?

"டெய்லரே, அந்தம்மாவுக்கு இன்னொரு தடவை போட்டுப் பாரு!"

"மத்தியானத்துலேருந்து போடறேன், எடுக்கவே மாட்டேங்குது." குரல் உள்ளேயிருந்து வந்தது. "நம்பரை மடிப்புல தைக்கச் சொன்னது எதுக்காம்? சரி, போடறேன்."

அவன் சட்டைப்பை அதிர்ந்தது.

திரையில் 'டெய்லர் அண்ணன்'. அவள் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். ஏற்கெனவே பதினொரு அழைப்புகள். எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணே... அவ இறந்துட்டா. நான் அவ வீட்டுக்காரன்."

ஷட்டர் மேலே போனது.

துணி மூட்டைமேல் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கோ தைத்த புதுப் பாவாடை அவளுக்குப் போர்வை. கடையின் ஒரே மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. பாவாடையை விலக்கி, சீருடையின் ஓர மடிப்பைப் புரட்டினான். மனைவியின் எண், நீல நூலில்.

"சாப்பிட்டாளா?"

"என் டிபன் பாக்ஸை வழிச்சுட்டா. நான்தான் பட்டினி."

சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தூரத்தில் ஏதோ வெடித்தது. மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

"பெரிய ரோடு வேணாம்," என்றார் அவர். "என் பின்னாடி வா."

ஒவ்வொரு மூலையிலும் அவர் முதலில் தலையை நீட்டிப் பார்ப்பார். ஸ்பேனரை அசைப்பார். அதன் பிறகுதான் இவன் அடுத்த அடி வைப்பான். வீட்டுக்கு இன்னும் ஏழு மூலைகள் இருந்தன.