நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

2022 ஜூலை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, தண்டையார்பேட்டை அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், பதினேழாம் எண் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் அளவு கடல் தண்ணீர் ஏறியது. அன்று மழை இல்லை. கடலும் அதன் இடத்தில்தான் இருந்தது. வீட்டில் ஒன்பது வயது மதி தனியாகக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புயலில் படகு கவிழும் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். மாவு அரைத்துக்கொண்டு திரும்பிய அவள் அம்மா ரமாபாய் கதவைத் திறந்தபோது, கிழங்கான் மீன் இரண்டு வாசற்படியைத் தாண்டி மாடிப்படியில் விழுந்தன. ரமாபாய் மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். கால் மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. சுவரில் உப்புக் கோடு நின்றது. கீழ்வீட்டு கெங்கம்மாவுக்கு மட்டும் இரண்டு நாள் கூரை சொட்டியது.

ஒரு மாதத்தில் இப்படி நான்கு முறை நடந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கதை படிக்கும்போது மதி பயந்தால் தண்ணீர் வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு தண்ணீர். இதை நம்புவதில் குடியிருப்பில் ஒருவருக்கும் சிரமம் இருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை பாடப்புத்தகத்தை விட்டுவிட்டுக் கதை படிக்கிறாள் என்பதைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தங்கள் வீட்டில் காலண்டரைத் தவிர அச்சடித்த தாள் எதையும் வைத்திராத பதினோரு பேர் கூடி, மதிக்கு ஏற்ற புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி போட்டார்கள்.

கமிட்டிக்குத் தலைவர், குடியிருப்போர் சங்கத் தலைவர் வெற்றி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு வருடமாக சூப்பர்வைசர். அந்த வேலையில் பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை. சீல் உடையாமல் இருக்கிறதா, காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வெற்றி புத்தகத்தையும் அப்படியே பார்த்தார். கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. அட்டையில் சிரிக்கும் யானை, பின்பக்கம் ‘எட்டு வயது முதல்’ என்று ஒரு வரி; போதும், பாஸ். ஒன்பதாம் பக்கத்திலேயே அந்த யானையின் தாய் குழியில் விழுந்து செத்தது. தண்ணீர் இடுப்பளவு வந்தது. வெற்றி கொஞ்சமும் அசரவில்லை. “பேப்பர்லாம் கரீட்டா கீது. கொயந்தகிட்டதான் கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் ஆவுடையம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் நீதிக்கதைகளைக் கொண்டுவந்தார். அதில் பொய் சொன்னவனுக்கு நாக்கு அழுகியது, வெல்லம் திருடியவளுக்கு விரல் வெந்தது, அம்மா பேச்சைக் கேட்காத பிள்ளை கிணற்றில் விழுந்து மூன்றாம் நாள் மிதந்தது. முப்பது வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒரு பிள்ளையும் பயந்ததில்லை என்றார் அம்மையார். பிள்ளைகளை அவர் கேட்டதும் இல்லை. அன்று தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. கெங்கம்மா ஈரப் புடவையோடு மேலே ஏறி வந்து, “படிக்கறது உன் வூட்டுப் பொண்ணு, மீனு கொட்றது என் வூட்டு ஃபேன்லயா?” என்று கேட்டாள். அவள் மிக்ஸி போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் நியாயமான கோபம் அவளுடையது மட்டும்தான்.

மூன்றாவதாக உலக நாடுகளின் தலைநகரங்களைப் பற்றிய புத்தகம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்காவது தலைநகரத்தில் மதி தூங்கிவிட்டாள். கமிட்டி இதை ஜெயம் என்று அறிவித்து, டீயும் பன்னும் சாப்பிட்டு, தீர்மானம் ஒன்றையும் எழுதியது: மதி இனி கதை படிக்கக் கூடாது, மீறினால் வீட்டுவசதி வாரியத்துக்கு எழுதி அந்தக் குடும்பத்தையே காலி செய்ய வைப்பது.

மதி கதை படிப்பதை நிறுத்தினாள். சாப்பிடுவதும் பேசுவதும்கூடப் பாதியாகக் குறைந்தன. பதினோராம் நாள், அவ்வளவு பயந்தும் கதை எதற்கு என்று அப்பா பீம்ராவ் கேட்டார். கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. மதி சொன்னாள்: “பயமா கீதுன்னு நீங்கோ புக்க மூடிட்றீங்கோ நைனா. மூடிட்டா அந்தப் படகு அங்கியே கவுந்துகினே கீது.”

பீம்ராவ் துறைமுகத்தில் சிக்னல்மேன். மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன் டிரைவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. இவர் மேல்தளத்து விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கைஜாடை காட்டுவார். சரக்கைத் தூக்கும் முன்பே, அது எங்கே இறங்கும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தரத்தில் தொங்க விடுவது மட்டும் கூடவே கூடாது. மகள் சொன்னது அவருக்கு உடனே பிடிபட்டது.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர், அந்தப் படகுக் கதையைச் சாப்பாட்டு இடைவேளைகளில் வரிக்கு வரி விரல் வைத்துப் பத்தொன்பது நாளில் படித்து முடித்தார். முதல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினார்: ‘பக்கம் 34, படகு கவுறும். பக்கம் 51, எல்லாரும் கரைக்கு வந்துட்றாங்கோ. யாரும் சாவல.’ மதி படித்தாள். முப்பத்துநான்கில் கணுக்கால் அளவுக்கு வந்த தண்ணீர், ஐம்பத்தொன்றில் தானாக வடிந்தது. கையோடு அதே புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பீம்ராவ் அடுத்ததைத் தேடிப் போனார். பேய், கத்தி, ரத்தம் எல்லாவற்றையும் கடையிலேயே திருப்பி வைத்தார். குகை, துரத்தல், காணாமல் போன கடிதம், திருட்டு ரயில் பயணம் ஆகியவற்றைப் பிரித்துப் படித்து, எழுதிக் கொடுத்தார். இரண்டேகால் வருடத்தில் இருபத்துமூன்று புத்தகங்கள் ஆயின. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறாததால் ஒருவரும் புகார் சொல்லவில்லை; தீர்மானத்தை எடுத்து நீட்ட வெற்றிக்கு வழியில்லை. முடிவை முன்னாடியே சொல்லிவிட்டால் கதை கெட்டுப்போகும் என்று மட்டும் சொல்லித் திரிந்தார். அவர் எந்தக் கதையையும் முடிவு வரைக்கும் படித்தவரில்லை.

2025 ஜனவரியில் ஒரு நாய்க் கதை வந்தது. வழி தவறிய ஒரு பெண்ணும் அவள் நாயும் காடு மலையெல்லாம் தாண்டி வீட்டைத் தேடிப் போகும் கதை. அவ்வளவு அருமையான கதையைப் பீம்ராவ் அதுவரை படித்ததில்லை. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் நாய் செத்தது. அன்று கேன்டீனில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். நாய் பிழைக்கும் என்று எழுதிவிடலாமா, அந்தப் பக்கத்தையே ஒட்டிவிடலாமா என்று மனைவியைக் கேட்டார். ஒரு தடவை பொய் எழுதினால் அப்புறம் முதல் பக்கத்தை அவள் நம்பவே மாட்டாள் என்றாள் ரமாபாய். எனவே அவர் உள்ளதை எழுதினார்: ‘பக்கம் 112, நாய் செத்துடும். பொண்ணு வூடு வந்து சேந்துடும். வேணாம்னா சொல்லு, வேற புக்கு கீது.’

மதி நான்கு நாள் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுவிட்டுத் திறந்தாள். பகல் ஒரு மணிக்குத் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. தீர்மானத் தாளைத் தூக்கிக்கொண்டு வெற்றி மாடியேறி வந்தார். புத்தகத்தைப் பிடுங்கி மூட வேண்டும் என்றார். முட்டியளவு தண்ணீரில் வாசலை அடைத்து நின்ற பீம்ராவ், “பட்ச்சி முடிக்கட்டும் மாமு” என்றார். வெற்றி கத்தினார். பீம்ராவ் நகரவில்லை. உள்ளே மதி அழுதுகொண்டே படித்தாள். ரமாபாய் முட்டி வரை தண்ணீரில் காலை விட்டுக் கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது.

“மதி, இன்னும் எத்தினி பக்கம் கீது?”

“ஆறு, அத்தே.”

கெங்கம்மா போய்த் தன் ஃபேனுக்குக் கீழே பெரிய அண்டாவை வைத்தாள்.

இரண்டு மணிக்கு மதி புத்தகத்தை மூடினாள். “செத்துடுச்சி நைனா. கடசி வரிக்கும் அந்தப் பொண்ணு அது கூடவே இருந்துச்சி” என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். நான்கு மணிக்குத் தண்ணீர் முழுதாக வடிந்தது. வெற்றியின் தாள் நனைந்து எழுத்து அழிந்துபோனது. வேறு தீர்மானம் எழுத ஒருவரும் முன்வரவில்லை. அண்டாவில் விழுந்த மீனைக் குழம்பு வைத்துக் கெங்கம்மா ஒரு கிண்ணம் மேலே அனுப்பினாள். இப்போதெல்லாம் பதினேழாம் எண் வீட்டில் தண்ணீர் ஏறினால், எத்தனை பக்கம் பாக்கி என்று விசாரித்துவிட்டுப் புளி கரைக்கிறார்கள்.