தேவகனி திருவிருந்துக்கு வராத காரணம்

தேவகனி திருவிருந்து வாங்கி மாதக்கணக்காயிற்று. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாள். மற்றவர்கள் முன்னால் போய் முழங்காலை மடக்கி முட்டுப்போட்டு அப்பம் வாங்கும்போது மட்டும் பின்வரிசையில் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அப்பத்தைத் தொட வேண்டும் என்பது அந்தச் சபையில் வழக்கம். ஆகவே அவளுக்கு யாரோடு மனத்தாங்கல் என்று ஊரே ஆராய்ச்சி செய்தது. ஊருக்கு வேறென்ன வேலை!

பக்கத்து வீட்டு கிளாராவுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. போன வருடம் வேலி தாண்டி நீண்ட தேவகனியின் மாமரக் கொம்பை வெட்டியது அவள்தான். ஒரு சாயங்காலம் இடுப்பில் ஒரு சக்கைப்பழத்தை, முழுப் பலாவை, சுமந்துகொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, எம்மேல உள்ள கோவத்துலயா திருவிருந்துக்கு வராம இருக்கிய? மன்னிச்சிருங்க."

தேவகனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கொம்பு விஷயம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"கோவம் ஒண்ணும் இல்ல, ஏட்டி. பயம்."

சில மாதங்களுக்கு முன் தேவகனி குளியலறையில் விழுந்ததும், எலும்பு முறியாமல் தப்பியதும் கிளாராவுக்குத் தெரியும். எழ முடியாமல் ஈரத்தரையில் கிடந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"முட்டுப்போட்டா எழும்ப முடியாது. சபை முழுக்கப் பாக்க நான் அங்கயே கெடக்கணுமா? ஆஸ்பத்திரில எழும்புக விதம் சொல்லித்தந்தாவ. தனியா செய்யப் பயமா இருக்கு."

"நான் இருக்கேன்லா" என்று கிளாரா பாயை விரித்தாள்.

நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னே ஊன்றி, மெல்ல எழ வேண்டும். முதல் நாள் தேவகனி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் அவசரமில்ல" என்று கிளாராவும் உட்கார்ந்துகொண்டாள். பிறகு கிளாரா கட்டிலைப் பிடித்து முனகிக்கொண்டே எழுந்ததைத் தேவகனி கவனிக்கவில்லை. தேவகனிக்குத் தன் முட்டுதான் பெரிது. சக்கை தீர்ந்த பிறகும் கிளாரா சாயங்காலந்தோறும் வந்தாள்.

ஈஸ்டர் அன்று இருவரும் முன்னால் போனார்கள். முட்டுப்போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கியபின் தேவகனி பீடத்தின் முன்னிருந்த தாழ்ந்த கிராதிக் கம்பியைப் பிடித்தாள், காலை ஊன்றினாள், எழுந்தே விட்டாள். வரிசை கலைந்து திரும்பியது. கிளாரா மட்டும் எழவில்லை. உருக்கமாக ஜெபிக்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"என்ன ஏட்டி?" என்று தேவகனி குனிந்து கேட்டாள்.

"மாசாமாசம் பக்கத்துல நிக்கவ தோளப் பிடிச்சுதான் எழும்புவேன், அக்கா. இன்னைக்குப் பக்கத்துல நீங்க. பிடிச்சா விழுந்திருவியளோன்னு..."

தேவகனி ஒரு கையால் கிராதியை இறுகப் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டினாள்.

"பிடி. நான் விழமாட்டேன்."