ஐஸ்கிரீம் பெட்டிவரை போன பால்

குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவனுக்குப் பெயர் 'தகரம்'. பெல்ட்டில் ஓடிவரும் குப்பையில் தகரத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது அவன் வேலை. பால்மாவு டப்பா கையில் மாட்டினால் போதும், மார்தட்டக் கிளம்பிவிடுவான்.

"எங்க வீட்டுலேருந்து இப்படி ஒண்ணு வந்தா என் மீசையை எடுத்துடுறேன்!"

எடுக்கிற அளவுக்கு அங்கே மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரி அவன் பெண்டாட்டி. தையல் வேலைக்குப் போகிறவள். போகுமுன் தாய்ப்பாலை எடுத்துச் சின்னப் பைகளில் உறையவைத்துவிட்டுப் போவாள். வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். "டப்பா வேணாம், புட்டி கொதிக்க வைக்க வேணாம். கேஸ் தீரட்டும், கரண்ட் போகட்டும், என் கடைக்கு லீவே கிடையாது" என்பாள்.

ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய், அந்தக் கடையை மூடிவிட்டது.

மிச்சமிருந்த பைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசிப் பையை மட்டும் ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பிள்ளை மாவுப்பாலைத் துப்பித் துப்பி இளைத்தது. இவன் டப்பாவுக்கு மேல் டப்பா வாங்கினான். காலி டப்பாக்களை யாருக்கும் தெரியாமல் பக்கத்துத் தெருத் தொட்டியில் போட்டான். மறுநாள் கொட்டகையில் அவையே வரிசையாக வந்து அவனைப் பார்த்து இளித்தன. பக்கத்துத் தெருக் குப்பையும் தன்னிடம்தான் வரும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. துக்கம் வந்தால் தொழில் மறந்துபோகும் போல.

ஒருநாள் மத்தியானம் போன கரண்ட் சாயங்காலமாகியும் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்கா, ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைக் கண்டு கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் அதைப் பறித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினான். அங்கே ஜெனரேட்டர் உண்டு.

"அண்ணே, இதை உங்க பெட்டியில கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?"

"என்ன மாப்ளே, போட்டிக் கம்பெனியா? என்ன ஃப்ளேவர்?"

சொன்னான்.

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. வெனிலா டப்பாக்களை ஒதுக்கி நடுவில் இடம் பண்ணினார். "எத்தனை நாள் வேணாலும் இருக்கட்டும்பா."

துண்டை விரித்தான். பை குளுகுளுவென்று கையில் வழுக்கியது. உள்ளே கட்டியே இல்லை. 'உருகினதைத் திரும்ப உறையவைக்காத, உடனே குடுத்துடு' என்று அவன் நெஞ்சில் விரலால் குத்திக் குத்திச் சொல்லியிருந்தாள் பெண்டாட்டி.

"வேணாம்ணே," என்றான். "பய பசியோட இருக்கான்."

வாசலில் கால் வைக்கும்போதே அக்கா பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்தியாடா? பிள்ளை கத்துனது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா. இதுவும் போயிட்டா அவ மொத்தமா போயிடுவாளேக்கா."

அக்கா உள்ளே போனாள். கிண்ணமும் கரண்டியும் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினான்.

முதல் கரண்டி உதட்டில் பட்டதும் பிள்ளையின் அழுகை நின்றது. அடுத்த கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுகூடத் துப்பவில்லை. கிண்ணம் காலியானதும் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்து, வாயைத் திறந்து திறந்து தேடியது.

"அங்க ஒண்ணும் இல்லடா ராசா," என்றான். "உங்கப்பன் வெறும் தகரம்."

சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. அக்கா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, புது டப்பாவின் மூடியைத் திறந்தாள்.